ஊர்ச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாருங்கள்

ரொறன்ரோவில் ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், முதியோர் மன்றம் என்று நடத்திக்கொண்டிருக்கும் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம். உங்களில் பலரை எனக்கு நேரிலேயே தெரியும். ஆடி மாதத்து ஒன்றுகூடலில் சாக்கு ஓட்டத்துக்கு விசில் ஊதினவர்கள் நீங்கள், கொத்து ரொட்டிக்கு வரிசை பிடித்துக் கொடுத்தவர்கள், வெயிலில் நின்ற முதியவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டு ஓடினவர்கள். அந்த அக்கறை எனக்குத் தெரிந்ததால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஆறு குளிர்காலமாக ஸ்காபரோவில் ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கிற பிளஃபர்ஸ் பார்க்குக்குச் சனிக்கிழமைகளில் சிறு கூட்டங்களைக் கூட்டிப்போய், ஏரியில் மிதக்கிற காட்டுத் தாராக்களை (வாத்துகளை) காட்டுகிறவன். வருகிற எல்லோரும் புதியவர்கள், வாழ்க்கையில் ஒருநாளும் பைனாகுலர் தொடாதவர்கள். எனக்கும் யாரோ ஒருவர் இப்படித்தான் சொல்லித் தந்தார், அதைத்தான் நான் திருப்பிச் செய்கிறேன். இப்போது கேட்பது இதுதான்: ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, உங்கள் சங்கத்திலிருந்து பதினைந்து பேர், இரண்டு மணித்தியாலம்.

கேட்டவுடன் வருகிற பதில் எனக்கு மனப்பாடம். "உந்தக் குளிருக்க தாரா பாக்கவோ?" சரி, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஐப்பசி முடிந்ததும் நம் முதியவர்கள் வீட்டுக்குள் போனால் சித்திரை வரைக்கும் வெளியே வருவது எதற்கு? டொக்டரிடம், கோயிலுக்கு, ஒரு கல்யாண வீடு, ஒரு செத்தவீடு. காரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து காருக்கு. பேஸ்மென்ட்டில் இருக்கிறவர்களுக்குச் சூரியன் ஒரு சின்ன ஜன்னல் அளவு. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசமான ஒரு ஐயா என்னிடம் சொன்னார், ஸ்காபரோவில் இருந்துகொண்டே ஏரியைக் குளிர்காலத்தில் ஒருதரமும் பார்த்ததில்லையாம். பிறிம்லி வீதியால் பத்து நிமிடம் கீழே இறங்கினால் ஏரி.

இரண்டு வருசத்துக்கு முன் ஒரு சங்கம் வருகிறோம் என்று சொல்லி, பதின்மூன்று பேரின் பெயரும் தந்து, வியாழக்கிழமை இரவு நிறுத்திவிட்டது. யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு யார் என்பது காரணம். அந்தப் பயம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஆனால் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு அம்மா எனக்குப் போன் பண்ணினார். வான் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். நிறுத்தியதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதவடியில் கதிரையில் இருந்திருக்கிறார். அன்றைக்கு மைனஸ் 6, காற்று இல்லை. அதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, ஏன் குளிர்காலம்? கோடையில் நடத்தினால் என்ன? பறவை பார்க்கத் தொடங்குகிற ஒருவருக்கு இந்த ஊரில் குளிர்காலத்தைவிட நல்ல காலம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். வைகாசியில் மரமெல்லாம் இலை. அதற்குள் பெருவிரல் அளவு மஞ்சள் குருவி ஒன்று இரண்டு செக்கனுக்குத் தெரிந்து மறையும். பழகினவர் "அதோ அதோ" என்பார், புதிதாக வந்தவர் இலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார், மூன்றுதரம் அப்படி நடந்தால் அடுத்த கிழமை வரமாட்டார். தாரா அப்படியில்லை. பெரிய உருவம், வெட்டவெளித் தண்ணீரில் மிதக்கிறது, அரை மணித்தியாலம் அதே இடத்தில் நிற்கும். விடியற்காலையில் எழும்பவும் தேவையில்லை, பத்து மணிக்குப் போனாலும் இருக்கும், இரண்டு மணிக்குப் போனாலும் இருக்கும். அப்புறம் ஆண் தாராக்களுக்கு நல்ல உடுப்பே குளிர்காலத்தில்தான். கோடை நடுவில் இறகு உதிர்த்துப் பெண் பறவை மாதிரி மங்கலாகிவிடும், எது எது என்று பழகினவர்களே தடுமாறுவார்கள். மார்கழி, தையில் பார்த்தால் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும், கண் மங்கினவர்களுக்கும் தெரிகிற மாதிரி இருக்கும். கரையில் அடிக்கடி வருகிற இனங்கள் பதினைந்து, இருபதுக்குள்தான் என்பதால் இரண்டு முறை வந்தவர் மூன்றாம் முறை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இவை ஏன் இங்கே வருகின்றன என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். குளிருக்குத் தெற்கே ஓடுகிறவைதான், ஆனால் அவற்றுக்கு ரொறன்ரோவே தெற்கு. நீள்வால் தாரா ஆர்க்டிக் துந்திரப் பிரதேசத்தில் குஞ்சு பொரிக்கிறது. அங்கே எல்லாம் உறைந்த பிறகு அதற்குத் தேவை சூடு இல்லை, திறந்த தண்ணீர். ஒன்ராறியோ ஏரி ஆழமானது, ஆகக்கூடிய இடத்தில் 244 மீற்றர். அவ்வளவு தண்ணீர் கோடைச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், ஓரங்களிலும் குடாக்களிலும் ஐஸ் பிடித்தாலும் ஏரி முழுதாக உறைவது மிக அபூர்வம். பக்கத்து ஈரி ஏரியின் ஆகக்கூடிய ஆழம் 64 மீற்றர்தான், கடும் குளிர் வருசத்தில் அது கிட்டத்தட்ட முழுதாக மூடிவிடும். ஆகவே குளிர் கூடக்கூட இங்கே தாரா கூடும், குடாக்கள் உறைய உறைய மிச்சமிருக்கிற தண்ணீரில் நெருங்கி, கரைக்குக் கிட்ட வரும். நீங்கள் நிகழ்ச்சியை நிறுத்தலாமா என்று யோசிக்கிற அந்தக் குளிர்தான் பறவையைக் கிட்டக் கொண்டுவந்து தருகிறது.

இடம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டிப்போகிறவர் பிழை விட்டால் புதியவர்களுக்கு அந்த நாளே போய்விடும். நம் கரை தெற்கும் தென்கிழக்குமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெயில் எறிக்கிற நல்ல காலை என்று நினைத்துத் திறந்த ஏரிப்பக்கம் நிறுத்தினால் சூரியன் நேரே முகத்தில், தாரா எல்லாம் கறுப்புப் பொட்டு. முதல் வருசம் நான் அப்படி எட்டுப் பேரை நிறுத்தினேன், ஒருவருக்கும் நிறம் தெரியவில்லை, எனக்கு அழுகை வராத குறை. இப்போது மேகமூட்டமான நாளைத்தான் விரும்புகிறேன். வெயில் என்றால் படகுத்துறைக் குடாப்பக்கம் போய், சூரியனை முதுகுக்குக் கொடுத்து நிற்பேன். பிளஃபர்ஸ் பார்க்குக்கு இன்னொரு நன்மை உண்டு. பின்னால் அந்தப் பெரிய களிமண், மணல் மேட்டுச்சுவர் நிற்பதால், நம்மை அதிகம் வாட்டுகிற வடமேல் காற்று தலைக்கு மேலால் போய்விடும். கிழக்குக் காற்று அடிக்கிற நாள்தான் போகக்கூடாத நாள், அலை எழும்பித் தாராவை மறைத்துவிடும், முகத்திலும் அடிக்கும்.

எப்போதும் மலார்ட்டில் தொடங்குவேன். அந்தப் பச்சைத் தலைத் தாராவை எல்லோரும் பார்த்திருப்பார்கள், "இது தெரியுமே" என்று ஒரு துணிவு வரும். அதைப் பைனாகுலரில் பிடிக்கச் சொல்வேன். பைனாகுலரில் ஒன்றும் தெரியவில்லை என்கிறவர்களில் பாதிப்பேர் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுகிறவர்கள். வெறுங்கண்ணால் பறவையைப் பிடி, கண்ணை எடுக்காதே, தலையை அசைக்காதே, கையை மட்டும் தூக்கிக் கண்ணுக்குக் கொண்டுவா. அவ்வளவுதான். கண்ணாடி போட்டவர்களுக்கு ரப்பர் விளிம்பை உள்ளே திருகிவிட வேண்டும். மூக்கையும் வாயையும் சால்வையால் மூடினால் மூச்சு மேலே போய் வில்லையில் படிந்து மூடுபனி கட்டும், ஆகவே பார்க்கிற நேரம் மட்டும் சால்வையைக் கீழே இறக்கச் சொல்வேன். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற 8 பெருக்கு 42 பைனாகுலர் ஆறு என்னிடம் இருக்கிறது, அதைவிடப் பெரிது வேண்டாம், நடுங்குகிற கையில் பெரிதாக்கினால் நடுக்கமும் பெரிதாகும்.

அடுத்தது எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்க்கச் சொல்வேன். தலையைக் கீழே விட்டு வாலை மட்டும் மேலே காட்டிக்கொண்டு நிற்பது ஒரு வகை, மலார்ட் அந்த வகை. முழுதாகத் தண்ணீருக்குள் போய் வேறெங்கோ கிளம்புவது மற்ற வகை, நாங்கள் சுழியோடிகள் என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயரெல்லாம் பிறகு, முதலில் இந்த இரண்டையும் பிரித்தால் போதும். சுழியோடிகளில் பஃபிள்ஹெட் என்று ஒன்று, உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் போல இருக்கும், வட அமெரிக்கச் சுழியோடித் தாராக்களில் ஆகச் சிறியது. ஆணுக்குத் தலையின் பின்பாதி முழுக்க வெள்ளை, முதுகைத் தவிர உடம்பும் வெள்ளை. காட்டில் மரங்கொத்தி கொத்திவிட்டுப் போன பொந்துக்குள் முட்டையிடுகிறது, அதற்கேற்ற சின்ன உடம்பு. புதியவர்களுக்கு இதில் ஒரு கஷ்டம்: பைனாகுலரைத் தூக்கி வைக்கும்போது அது முங்கிவிடும். அதற்கு ஒரு வழி பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். முங்கினதும் எல்லோருமாக எண்ணத் தொடங்குவது. ஒன்று, இரண்டு, மூன்று. பெரும்பாலும் இருபதுக்குள் மேலே வந்துவிடும். போன தையில் ஏழு வயதுப் பேத்தி பதின்மூன்றில் தடக்கினாள், அப்பம்மா "பதின்நாலு" என்று எடுத்துக் கொடுத்தார், அதற்குள் தாரா கிளம்பிவிட்டது, பேத்தி விடவில்லை, அடுத்ததுக்கு முப்பது வரைக்கும் தமிழில் எண்ணிக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகள் கேட்கிற இன்னொரு கேள்வி: கால் குளிராதா? நல்ல கேள்வி, பெரியவர்களும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தாராவின் காலுக்குள் இறங்குகிற சூடான இரத்தக் குழாயும், பாதத்திலிருந்து ஏறுகிற குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒட்டிக்கொண்டு போகின்றன. இறங்குகிற சூடு ஏறுகிறதுக்கு மாறிவிடும். பாதம் ஐஸ் அளவுக்குக் குளிர்ந்தே இருக்கும், உடம்பின் சூடு வெளியே போகாது. அதோடு வாலடியில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பியைச் சொண்டால் தொட்டுத் தொட்டு இறகில் பூசுவதையும் காட்டுவேன். எண்ணெய் பூசின மேல் இறகு தண்ணீரை விடாது, உள்ளே பஞ்சு இறகு சூட்டைப் பிடிக்கும். நீங்கள் போட்டிருக்கிற ஜாக்கெட்டுக்குள்ளும் அதே பஞ்சுதான் என்று சொன்னால் எல்லோரும் ஒருதரம் தங்கள் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது என்னோடு வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கத் தலைவர்கள் இதை மட்டுமாவது வாசிக்க வேண்டும்.

ஒருவர் மன்னார்ப் பக்கத்து ஐயா. எண்பதுக்குக் கிட்ட. மகள் இழுத்துக்கொண்டு வந்தாள், வரும்போதே முகம் சுருங்கித்தான் இருந்தது. பைனாகுலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மலார்ட் கூட்டத்துக்குள் அன்றைக்கு ஒரு ஊசிவால் தாரா நின்றது. ஏரியில் ஒன்றிரண்டு அப்படிக் குளிர்காலத்தைக் கழிக்கும். கபிலநிறத் தலை, நீண்ட கழுத்தில் வெள்ளைக் கோடு, பின்னால் கூரான வால். நான் மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன், இவர் பின்னாலிருந்து சொன்னார்: "உது எங்கட பக்கம் மாரிக்கு வாறது." எல்லோரும் திரும்பினோம். அப்புறம் அவர் நிற்கவில்லை. எந்தக் குளத்தில் எந்தப் பக்கம் இறங்கும், விடிய எத்தனை மணிக்கு வயலுக்குப் போகும், இரவில் தலைக்கு மேலே போகும்போது இறகுச் சத்தம் எப்படி இருக்கும் என்று பதினைந்து நிமிடம். அவர் சொன்னது சரி. அதே இனம்தான். மன்னாருக்குப் போவது ஆசியாவின் வடக்கிலிருந்து இறங்குவது, இங்கே நிற்பது இந்தக் கண்டத்தில் பிறந்தது, இனம் ஒன்று. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டதற்கு இப்படி மாரியில் வந்து குவிகிற பறவைகள்தான் முக்கிய காரணம் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "எங்களுக்கு அது ஆரும் சொல்லத் தேவையில்லை" என்றார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தை நடத்தினது அவர். மகள் அடுத்த கிழமை எனக்குச் சொன்னாள், அப்பா ஊரைப் பற்றி இவ்வளவு கதைத்து வருசக்கணக்காகிறதாம், கதைத்தால் சண்டைக்காலம்தான் வருமாம், அதனால் வாயைத் திறக்கவே மாட்டாராம்.

மற்றவர் ஒரு அம்மா, இரண்டு கண்ணிலும் பார்வை குறைவு, பைனாகுலர் அவருக்கு உதவாது. பக்கத்து வீட்டு அம்மா வருகிறார் என்பதற்காக வந்தவர். அன்றைக்கு மைனஸ் 15. அந்தக் குளிரில் ஏரித் தண்ணீர் காற்றைவிடச் சூடு என்பதால் தண்ணீர் மேலே ஆவி எழும்பும், உலை கொதிக்கிற மாதிரி ஏரி முழுக்கப் புகை. தாரா ஒன்றும் தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டேன். அப்போது அந்த அம்மா கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். புகைக்குள்ளிருந்து வந்தது, "ஆ… அவ்-அவ்-லே, ஆ… அவ்-அவ்-லே", ஒன்று தொடங்க மற்றது எடுக்க, பிறகு பத்து, இருபது. நீள்வால் தாரா குளிர்காலத்திலும் ஓயாமல் கூப்பிடும், ஏரிமேல் அந்தச் சத்தம் வெகுதூரம் போகும். எனக்குக் கேட்கும் முன்னமே அவருக்குக் கேட்டிருக்கிறது. ஐந்து நிமிடம் பன்னிரண்டு பேரும் அசையாமல் நின்றோம். அவருடைய கன்னத்தில் தண்ணீர் ஓடி உறைந்திருந்தது, குளிருக்கா வேறெதற்கா என்று நான் கேட்கவில்லை. போகும்போது கையைப் பிடித்து, "தம்பி, அடுத்த சனியும் கத்துமோ?" என்றார்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். வழுக்குவது உண்மை. சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற, சின்ன இரும்புப் பல் வைத்த ரப்பர்ப் பட்டி பதினெட்டுச் சோடி வைத்திருக்கிறேன், மாட்டாமல் ஒருவரும் காரிலிருந்து இறங்கக்கூடாது, இதில் யாருக்கும் விலக்கு இல்லை, தலைவருக்கும் இல்லை. நடக்கிற தூரம் மொத்தமாக எண்ணூறு மீற்றருக்குள். உறைந்த குடாவின் மேலே ஒரு அடிகூட வைக்கக்கூடாது, போட்டோவுக்கும் கூடாது, படகுத்துறைப் பக்கம் ஐஸ் எங்கே மெல்லியது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. காற்றோடு சேர்த்துக் கணக்கிடுகிற குளிர் மைனஸ் 28 ஆனால் திறந்த தோல் பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடா வானிலைத் துறையின் எச்சரிக்கை சொல்கிறது. நான் அதுவரைக்கும் போவதில்லை, முதியவர்களும் பிள்ளைகளும் வருகிற கூட்டத்தை மைனஸ் 20இலேயே நிறுத்திவிடுவேன். ஆனால் நிறுத்துவதை வெள்ளி மாலை முன்னறிவிப்புப் பார்த்து நிறுத்துவோம், ஒவ்வொருவருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டு நிறுத்துவோம். வாட்ஸ்அப்பில் போட்டால் போதாது, வானுக்குக் காத்திருந்த அந்த அம்மாவிடம் வாட்ஸ்அப் இருக்கவில்லை.

உடுப்பு விஷயத்தில் நம்மவர்கள் விடுகிற பிழை ஒன்றுதான்: தடிப்பான கோட் ஒன்று, உள்ளே மெல்லிய சட்டை, கீழே ஜீன்ஸ். பறவை பார்ப்பது நடை இல்லை, நிற்பது. நிற்கிறவருக்குக் குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் ஏறும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று நான்கு மெல்லிய உடுப்பு, ஜீன்ஸ் வேண்டாம், சேலை கட்டுகிறவர்கள் உள்ளே தேர்மல் போட்டுக்கொண்டு கட்டலாம், அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே நின்றார்கள். சொக்ஸ் இரண்டு சோடி போட்டுச் சப்பாத்துக்குள் காலை நெருக்கினால் இரத்தம் ஓடாமல் இன்னும் விறைக்கும், கம்பளியில் ஒரு சோடி, விரல் அசைகிற இடம் இருந்தால் போதும். பழைய யோகா மெத்தையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன், ஆளுக்கொன்று காலடியில் போட்டு நிற்பது, இதைச் செய்த நாளிலிருந்து "போவமோ?" என்கிற கேள்வி அரை மணித்தியாலம் பிந்தி வருகிறது. போனை உள் பொக்கெற்றில் வையுங்கள், வெளியே வைத்தால் குளிரில் பற்றரி இறங்கிவிடும். பூங்காக் கழிப்பறைகள் பல இடத்தில் குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், ஆகவே வழியில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்திவிட்டுத்தான் கீழே இறங்குவோம், தொண்ணூறு நிமிடத்தில் திரும்ப மேலே. அடிக்கடி சலம் போக வேண்டியவர்கள் கூச்சப்படாமல் முதலே சொல்லட்டும், காரில் ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார்.

ஒரு வேண்டுகோள், பாண் கொண்டுவர வேண்டாம். நம் அம்மாமார் வெறுங்கையோடு ஒருவரையும் பார்க்கப் போகாதவர்கள், தாராவையும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அந்த மனது எனக்குப் புரிகிறது. ஆனால் பாணில் அவற்றுக்குத் தேவையான சத்து இல்லை, வயிறு மட்டும் நிரம்பும். ஒரே இடத்தில் கூட்டம் கூடி நோயும் பரவும். சுழியோடிகள் பாணுக்கு வருவதுமில்லை, அவை அடியில் இருக்கிற சிப்பியும் இறாலும் தேடிப் போகிறவை. அப்புறம் செத்துக் கிடக்கிற பறவை எதையும் தொடக்கூடாது, 2022இலிருந்து பறவைக் காய்ச்சல் இந்த மாகாணத்திலும் இருக்கிறது.

அன்னம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் போட்டோ எடுப்பார்கள். பிளஃபர்ஸ் பார்க்கில் குளிர்காலத்தில் ட்ரம்பெற்றர் அன்னம் நிற்கும், சொண்டு கறுப்பு. செம்மஞ்சள் சொண்டு என்றால் அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு இனம். இந்தக் கறுப்புச் சொண்டு அன்னம் ஒன்ராறியோவில் இல்லாமலே போயிருந்தது, 1886இல் கடைசி ஒன்று சுடப்பட்டதோடு சரி. ஹாரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் 1982இல் திரும்பக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார், முட்டை வாங்கி, பொரிக்க வைத்து, ஊர் ஊராகக் குளம் வைத்திருந்த ஆட்களிடம் கொடுத்து வளர்த்து, விட்டு. சிறகில் இலக்கம் போட்ட மஞ்சள் அட்டையோடு சில இப்போதும் திரியும், பிள்ளைகள் அந்த இலக்கத்தை வாசிக்கப் போட்டி போடுவார்கள். நூறு வருசம் இல்லாமல் இருந்த பறவை திரும்ப வந்து நம் முன்னால் ஊதிக்கொண்டு நிற்கிறது என்று சொன்னால், ஊரை விட்டு வந்தவர்கள் ஒரு மாதிரி அமைதியாகிவிடுவார்கள். நான் அந்த இடத்தில் மேலே ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது உங்களிடம் கேட்பது. ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். 2016இல் கனடிய நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டதிலிருந்து ஒவ்வொரு வருசமும் மண்டபம் எடுத்து, குத்துவிளக்கு ஏற்றி, பேச்சும் நடனமும் வைக்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை, என் பிள்ளைகளும் அதில் ஆடினவர்கள்தான். அதே மாதத்தில் ஒரு காலை வெளியே வாருங்கள் என்கிறேன். மன்னார் ஐயா போல, முல்லைத்தீவுக் கடற்கரையில் வளர்ந்தவர்கள், சுண்டிக்குளத்துப் பறவைக் கூட்டத்தைச் சின்னவயதில் பார்த்தவர்கள் உங்கள் அங்கத்தவர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்க ஒரு இடம் வேண்டும். மண்டபத்தில் அவர்கள் பின்வரிசையில் இருந்துவிட்டுச் சாப்பிட்டுப் போகிறார்கள்.

உங்களால் ஆகக்கூடியது இவை. ஒரு பதினைந்து சீற் வானும் ஓட்டுநரும், அது பெரிய செலவு இல்லை, ஒரு மேடை அலங்காரத்தைவிடக் குறைவு. வருகிறவர்களில் ஆறு பேராவது அறுபதைத் தாண்டினவர்கள், நான்கு பேராவது பிள்ளைகள். இளம் ஆட்கள் இரண்டு பேர், முதியவர்களின் கையைப் பிடிக்க. வரவேற்புரையும் நன்றியுரையும் வேண்டாம், பதாகை வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம், நின்று பேசுகிற பத்து நிமிடத்தில் கால் விறைத்துவிடும். பதினைந்துக்கு மேல் கூட்டாதீர்கள், ஆட்கள் கூடினால் பின்னுக்கு நிற்கிறவருக்கு நான் காட்டுவது போய்ச்சேராது, இன்னொரு சனிக்கிழமை வைப்போம். பைனாகுலர், காற்பட்டி, மெத்தைத் துண்டு, இரண்டு பெரிய பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட தேத்தண்ணி என் பொறுப்பு. பகிடிக்கில்லை, தேத்தண்ணி முக்கியம், நாற்பதாவது நிமிடத்தில் அது வராவிட்டால் மிச்ச ஐம்பது நிமிடம் கிடையாது.

வருகிற ஜனவரியில் ஐந்து சனிக்கிழமைகளையும் காலியாக வைத்திருக்கிறேன். கார்த்திகை முடிவதற்குள் எந்தச் சனி என்று ஒரு சொல் சொல்லிவிடுங்கள், பெயர்ப் பட்டியலில் ஒவ்வொருவரின் வீட்டுத் தொலைபேசி இலக்கமும் சப்பாத்து அளவும் எழுதி அனுப்புங்கள். அன்றைக்கு வானுக்குக் காத்திருந்த அம்மாவின் பெயரை முதலாவது சனிக்கு நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன், அவருடைய சப்பாத்து அளவு ஆறு.